பாஸ் அப், பாஸ் அவுட்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்:
இங்கே பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் 'பாஸ் அப்' என்றால் நோட்டுப் புத்தகத்தை டீச்சரிடம் ஒப்படைப்பது. "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று சொன்னால் போதும், கடைசி வரிசையிலிருந்து புத்தகங்கள் கைமாறிக் கைமாறி முன்னால் வந்துவிடும். சிங்கப்பூரிலும் இப்படித்தான். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இதற்குப் பொருளே வேறு: கைக்கு வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுவது.

என் அக்கா மகள் கோலாலம்பூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறாள். லண்டன் வாடிக்கையாளர் ஒருவருக்கு, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை 'பாஸ் அப்' செய்வேன் என்று மின்னஞ்சல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மேலாளருக்கு போன். "ஏன் இந்த வேலை வேண்டாம் என்கிறீர்கள், ஏதாவது பிரச்சினையா?" மேலாளரும் இங்கேயே படித்தவர். திருப்பித் திருப்பிப் படித்தும் அந்த வரியில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியில் 'சென்ட்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

பிள்ளை அன்று ராத்திரி என்னிடம் அழுதுவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் வராது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து எஸ்.பி.எம். (மலேசியாவில் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வரை காதால் கேட்டதைத்தானே எழுதினாள்? என் டியூஷன் பிள்ளைகளிடமும் அது தப்பு என்று சொல்வதில்லை. வகுப்பில் தாராளமாகச் சொல்லுங்கள். பரீட்சைத் தாளிலும் வெளிநாட்டுக்கு எழுதும்போதும் 'ஹேண்ட் இன்' அல்லது 'சப்மிட்' போடுங்கள் என்பேன்.

பட்டர்வொர்த், பினாங்கு:
எங்கள் தொழிற்சாலையில் 'பாஸ் அவுட்', அக்கா. சென்னையிலிருந்து வந்த பொறியாளர் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2016" என்றார். எச்.ஆர். அம்மா பதறிப்போய், "இப்போது உடம்பு பரவாயில்லையா, மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். அவர் சொன்னது காலேஜ் முடித்ததை. இவர் நினைத்தது மயங்கி விழுந்ததை. ராணுவத்தில் பயிற்சி முடிக்கும்போது நடப்பதையும் 'பாஸிங் அவுட் பரேட்' என்கிறார்களே, அந்தப் பொறியாளரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

செந்தூல்:
நல்ல உதாரணம், தம்பி. பிள்ளைகளுக்கு நான் ஒரு வழி காட்டுவேன்: எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருக்கிறதா பாருங்கள். 'ஷீ பாஸ்ட் அவுட்' என்று அதோடு நின்றால் மயக்கம். 'ஷீ பாஸ்ட் அவுட் த பேப்பர்ஸ்' என்றால் தாள்களை எல்லோருக்கும் கொடுத்தாள். பேப்பர்ஸுக்குப் பதில் 'தெம்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'பாஸ்ட் தெம் அவுட்'. 'பாஸ்ட் அவுட் தெம்' என்று எழுதினால் மார்க் போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:
'பாஸ் ஆன்' கூட அப்படித்தான் போலிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் "தாத்தா பாஸ்ட் ஆன்" என்று ஒரு வரி வந்தது. எதையோ கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நினைத்த சித்தப்பா, "என்ன கொடுத்தார், யாரிடம்?" என்று கேட்டுவிட்டார். தாத்தா இறந்த செய்தி அது. பாவம் சித்தப்பா, காரியம் முடியும்வரை யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் துக்கச் செய்தியைத் தமிழில்தான் போடுகிறோம்.