இழை: டயாபெட்டிஸ் இன்சிபிடஸுக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். நாளமில்லாச் சுரப்பி நோய்கள் பற்றிய நோயாளிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தைராய்டுக் குறைவு, தைராய்டு மிகை, முன்கழுத்துக் கழலை எல்லாம் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். டயாபெட்டிஸ் இன்சிபிடஸில், அதாவது சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாமல் சிறுநீர் ஓயாமல் போகும் நோயில், வண்டி நின்றுவிட்டது. இப்போதைக்கு ‘சர்க்கரையில்லா நீரிழிவு’ என்று போட்டிருக்கிறேன். எனக்கே கை கூசுகிறது. நோயாளி பையில் வைத்துக்கொள்ளும் அவசர அட்டைக்கும் இதுதான் தலைப்பு. உதவுங்கள்.

— மொ.

—

மொ. அவர்களுக்கு,

கை ஏன் கூச வேண்டும்? ‘நீரிழிவு’ இந்த நோய்க்கே உரிய சொல். இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். திருமுருகாற்றுப்படை முடிகிற இடத்தில் ‘இழுமென இழிதரும் அருவி’ வருகிறதே, அந்த இழிதல். ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்று குறளும் அதே பொருளில்தான் ஆள்கிறது. நீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் அது நீரிழிவு. இதில் சர்க்கரை எங்கே வந்தது? கிரேக்கத்திலும் டயாபெட்டிஸ் என்றால் ஊடே கடந்து போவது, அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்குத் தேன் என்ற பொருளில் மெல்லிட்டஸும், இந்நோய்க்குச் சுவையற்றது என்ற பொருளில் இன்சிபிடஸும் பிற்காலத்து ஒட்டுகள். சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்துப் பிரித்த காலத்தின் மிச்சம்! இனிப்பான நீருக்கு நம் வைத்தியர்கள் மதுமேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அதற்குக் கொடுத்துவிட்டு, நீரிழிவை உரிய இடத்தில் ஒப்படையுங்கள்.

— புலவர் த.

—

ஐயா,

படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் வார்டில் நடப்பதைச் சொல்கிறேன். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி எடுத்த ஒரு பெண். கட்டிலுக்கடியில் இரண்டு லிட்டர் பாட்டில்கள் மூன்று. இரவு மணிக்கொரு தரம் எழுந்து போவார், வந்ததும் அரை பாட்டில் குடிப்பார். அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தால் ஒரு நாளில் 9 லிட்டர், பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. யாரோ குறிப்பில் ‘நீரிழிவு’ என்று எழுதிவிட்டார்கள். உடனே சர்க்கரை நோயாளி சாப்பாடு வந்தது, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், மாமியார் ஹார்லிக்ஸைப் பிடுங்கிவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ‘குடிச்சுக்கிட்டே இருந்தா போய்க்கிட்டேதான் இருக்கும்’ என்று அந்த அம்மா பாட்டிலையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். மறுநாள் ரத்தத்தில் சோடியம் ஏறி, அந்தப் பெண் பேச்சுக் குழறிக் கிடந்தார்.

இந்நோயில் கணையத்துக்கோ இன்சுலினுக்கோ வேலையே இல்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் உண்டாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் போதவில்லை என்றால், சிறுநீரகம் நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளாது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் மேல்நாடுகளிலும் வாசோபிரசினுக்கு ஈடாகத் தரும் டெஸ்மோபிரசின் மருந்தைத் தராமல் விட்டு உயிர் போயிருக்கிறது. அதனால்தான் 2022-இல் நாளமில்லாச் சுரப்பி வல்லுநர் குழு ஒன்று பழைய பெயரையே கைவிட்டு, வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்று மாற்றச் சொன்னது. அவர்களே இறக்கி வைத்ததை நாம் ஏன் தலையில் தூக்க வேண்டும்?

— மரு. சு., மதுரை

—

சர்க்கரை நோயை எங்கள் பக்கம் ஊரில் சலரோகம் என்போம். சலம் என்றால் எங்களுக்குச் சிறுநீர். நீரிழிவு பாடப்புத்தகச் சொல். ‘சலமில்லாச் சலரோகம்’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்! தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் ‘சலம் போகிறது’ என்றேன், காதிலா என்று கேட்டார். அங்கே சலம் என்றால் சீழாம்.

பிட்யூட்டரிக்கு எங்கள் புத்தகத்தில் கபச் சுரப்பி. மூளையிலிருந்து கபம் அதன் வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பழைய மேலை மருத்துவர்கள் நம்பினார்கள். இலத்தீனப் பெயரும் கபத்திலிருந்துதான். பிழையையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டோம். ஆனாலும் பழகிவிட்டது.

— ந., யாழ்ப்பாணம்

—

மரு. சு. அவர்களுக்கு: சரி, நீரிழிவை விடுவோம். ஆனால் ‘வாசோபிரசின்’ என்று அட்டையில் போட்டால் நோயாளிக்கு என்ன புரியும்? என் முன்மொழிவு: நீர்காப்பு இயக்குநீர்க் குறைபாடு. நீரைக் காப்பது அதன் தொழில். ஹார்மோன் என்றே எழுதிக்கொண்டிருந்தால் இயக்குநீர் என்றைக்குத்தான் புழங்கும்?

— வே.

—

வே., ஒரே பெயரில் இரண்டு முறை ‘நீர்’ என்று காதில் விழுந்தால் தாங்காது. ஹார்மோன் ஊசி என்று காய்கறிக்காரம்மாகூடச் சொல்கிறார், இருக்கட்டும். நீர்காப்பு நன்றாக இருக்கிறது. சிறுநீரகமே ஹார்மோன் சொல்வதைக் கேட்காத வகை ஒன்று உண்டு, நெடுநாள் லித்தியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வரும். அதற்கு ‘எதிர்ப்பு’ வேண்டாம், சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. ‘இணங்காமை’ சரியாக வரும்.

— மரு. சு.

—

நீர்காப்பா, நீர்க்காப்பா? நீர்க்குடம், நீர்ப்பறவை என்றுதானே வழங்குகிறோம்?

— த.

—

ஐயா, நீர்க்குடம் நீரை உடைய குடம். உருபும் பயனும் உடன்தொக்கது, ஆகவே மிகும். இங்கே நீரைக் காப்பது, வெறும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. மிகாது.

— வே.

—

காப்பு என்பது வினையா பெயரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கையில் போடுவதும் காப்புதான்.

— த.

—

(இந்த ஒற்றைப் பற்றி மேலும் ஏழு மடல்கள் வந்தன. அவற்றில் இரண்டு வெண்பா.)

—

அனைவருக்கும்,

வெள்ளி மாலை ஆகிவிட்டது. நால்வர் ‘நீர்காப்பு ஹார்மோன் குறைபாடு’ என்றீர்கள், ஒருவர் இயக்குநீர், ஐயா நீரிழிவு. அட்டையில் முதல் வரி நால்வர் சொன்னது, ஒற்றில்லாமல். அடுத்த வரியில் வாசோபிரசின், தமிழ் எழுத்திலேயே. அதற்குக் கீழே மரு. சு. கேட்டபடி கொட்டை எழுத்தில்: ‘இது சர்க்கரை நோய் அல்ல. தண்ணீரைத் தடுக்காதீர்கள். டெஸ்மோபிரசினை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.’ அச்சகத்துக்குப் போய்விட்டது.

அடுத்த பக்கம் அட்ரீனல், சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி. அண்ணீரகம் என்று எழுதலாமா?

— மொ.

—

ஒற்றை விட்டதைப் பொறுத்துக்கொள்கிறேன். நீரிழிவை விட்டதைப் பொறுக்கமாட்டேன், மறுபதிப்பில் பார்ப்போம். அண்ணீரகம் பற்றி: ‘அண்’ என்றால் என்ன என்று யாராவது யோசித்தீர்களா? அண்ணுதல், அண்மை, அண்டை… விரிவாக நாளை எழுதுகிறேன்.

— த.