துறவிகள் காய்ச்சும் பீர்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மியூனிக்வாசி:
கோயிலுக்குப் போகிற நாளில் பீர் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. இங்கே ஜெர்மனியில், மியூனிக் பக்கத்து ஆண்டெக்ஸ் மலையில் இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கிறது. பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், 1455இல் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே அது யாத்திரைத் தலம், பவேரியாக்காரர்கள் ‘புனித மலை’ என்றுதான் சொல்வார்கள். நான் போன அன்று ஏதோ ஒரு ஊரிலிருந்து பெரிய கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்து வந்தது. தேவாலயத்துக்குள் போய் மண்டியிட்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் அதே ஆட்கள் பீர்க்கூடத்தில் தட்டை ஏந்திப் பன்றிக்கால் வறுவலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சுமந்து வந்த சிலுவை சுவரோரம் சாய்ந்திருந்தது. யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

இங்கே பேர்போனது டொப்பல்பாக் என்கிற கருமையான பீர், 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வெறும் வயிற்றில் வேண்டாம், இறங்கும்போது காட்டுப்பாதை சரிவு.

பீரைவிட எனக்குப் பிடித்தது அந்தக் காசு போகும் வழி. 19ஆம் நூற்றாண்டில் பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் இந்த மடத்தை மியூனிக் நகரத்தில் உள்ள புனித போனிஃபாஸ் மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நகர மடம் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் பார்க்கிறது. மலையில் விற்கும் பீர் அதற்கும் கைகொடுக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சிலர் இதைச் சாக்காகச் சொல்லியே இரண்டாவது குவளை வாங்குவார்கள்!

கென்ட்_மாணவன்:
அண்ணா, நீங்கள் போனது கொண்டாட்டமான இடம். பெல்ஜியத்தில் வெஸ்ட்விளெட்டரன் போய்ப் பாருங்கள், அப்படியே தலைகீழ். டிராப்பிஸ்ட் துறவிகள், புனித பெனடிக்ட்டின் விதியைக் கறாராகப் பின்பற்றும் கத்தோலிக்கச் சபை, பேச்சே குறைவு. மடத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். எதிரே உள்ள காபிக்கடையில் (கஃபே) உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பெட்டியாக வேண்டுமென்றால் முன்பதிவு. முன்பு தொலைபேசியில் மட்டும்தான், லைன் கிடைக்காமல் ஜனம் விரல் தேய அழுத்திக்கொண்டே இருக்குமாம். 2019 முதல் இணையத்தில். வண்டி எண்ணையும் கொடுக்க வேண்டும், வாங்கியதை வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பனின் காரில் போனோம். வாசலில் இருந்தவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், தலையசைத்தார். மரப்பெட்டியில் 24 பாட்டில். நாங்கள் வாங்கியபோது பாட்டிலில் லேபிளே இல்லை, விவரமெல்லாம் மூடியில் இருந்தது. மஞ்சள் மூடி என்றால் ‘12’, 10.2 சதவீதம். குடித்தால் கருப்பட்டிப் பாகும் பேரீச்சையும் சேர்ந்த மாதிரி ஒரு கனம்.

உலகிலேயே சிறந்த பீர் என்று இதைப் பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் ஊர் முதலாளியாக இருந்தால் மறுநாளே இரண்டாவது ஆலைக்குப் பூமி பூஜை போட்டிருப்பார். இவர்கள் அளவைப் பெரிதாகக் கூட்டவே இல்லை. மடம் நடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவது. கட்டட வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது, 2012இல், கொஞ்சம் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். அப்புறம் பழையபடி வாசல் விற்பனைக்கே திரும்பிவிட்டார்கள். கைவேலை செய்து பிழைப்பவனே உண்மையான துறவி என்று புனித பெனடிக்ட்டின் விதிநூலில் 48ஆம் அத்தியாயம் சொல்கிறது. இவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள்.

தேனிப்பையன்:
ஒரு சந்தேகம். சூப்பர் மார்க்கெட்டில் துறவி படம் போட்டு விற்கிறார்களே, அதெல்லாம் மடத்துச் சரக்கா?

கென்ட்_மாணவன்:
பெரும்பாலும் இல்லை தம்பி. மடத்தின் பெயரை வாங்கிக்கொண்டு பெரிய ஆலையில் தயாரிப்பது நிறைய. ‘அசல் டிராப்பிஸ்ட் தயாரிப்பு’ என்கிற அறுகோண முத்திரை இருக்கிறதா என்று பார். மடத்து வளாகத்துக்குள் அல்லது அதை ஒட்டி, துறவிகள் மேற்பார்வையில் காய்ச்சி, வரும்படியை மடத்துக்கும் தர்மத்துக்கும் செலவிட்டால்தான் அது கிடைக்கும். ஆக்கெல் என்று ஒரு மடம். அங்கே துறவிகள் இல்லாமல் போனதால் 2021இல் முத்திரையும் போய்விட்டது. அதே இடம், அதே பீர்தான். ஆனாலும் கறாராக இருந்துவிட்டார்கள், எனக்கு அது சரியென்றே படுகிறது.

இன்னொன்று, துறவிகள் தங்களுக்கென்று வைத்துக்கொள்வது இந்தக் கனத்த சரக்கை அல்ல. வெஸ்ட்மாலே மடத்தில் ‘எக்ஸ்ட்ரா’ என்று 4.8 சதவீதத்தில் ஒன்று உண்டு, சாப்பாட்டோடு குடிப்பது அதைத்தான்.

தேனிப்பையன்:
எங்கள் கருப்பசாமிக்குச் சாராயமும் சுருட்டும் வைப்போம். ஒரு தடவை சித்தப்பா பீர் பாட்டிலோடு வந்தார். “சாமிக்கு இது தொண்டைகூட நனையாதுய்யா” என்று பூசாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மஞ்சள் மூடியைக் கொண்டுபோயிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார்.

மியூனிக்வாசி:
ஹா ஹா! ஆண்டெக்ஸ் வர நினைப்பவர்களுக்கு: மியூனிக்கிலிருந்து எஸ் 8 புறநகர் ரயிலில் கடைசி நிறுத்தம் ஹெர்ஷிங். அங்கிருந்து ஓடையோரக் காட்டு வழியில் ஒரு மணி நேர நடை, பஸ்ஸும் உண்டு. ஞாயிறு மதியம் இடம் கிடைப்பது கஷ்டம், காலையிலேயே வந்துவிடுங்கள்.