ஜனாதிபதி தேர்தலில் எதிரணி ஏன் தோற்கிறது? மதுரைக் கணக்கை வைத்து விளக்குங்களேன்

கோரிப்பாளையம் செல்வம்:
குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் குழுவில் ஓடும் விவாதம் இது. 2021-ல் மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் திமுக அணிக்கு 5, அதிமுகவுக்கு 5. மாநிலம் முழுக்கப் பார்த்தால் திமுக அணிக்கு 159 எம்எல்ஏக்கள். கேரளா, மேற்கு வங்காளம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் எல்லாம் அப்போது பாஜகவிடம் இல்லை. இருந்தும் 2022 ஜனாதிபதி தேர்தலில் யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177, திரௌபதி முர்முவுக்கு 6,76,803. எதிரணியிடம் ஆள்பலமே இல்லையா, இல்லை இருந்ததையும் கோட்டை விட்டார்களா?

வைகை வடகரை:
செல்வம், ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவது தேர்ந்தெடுக்கப்பட்ட எம்பிக்களும் எம்எல்ஏக்களும்தான். அவர்கள் தலையை எண்ணாதீங்க, ஓட்டின் மதிப்பை எண்ணுங்க. 1971 கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து, மறுபடி 1,000-ஆல் வகுத்தால் 176. ஒரு எம்எல்ஏ ஓட்டின் மதிப்பு அதுதான். மதுரை மாவட்டம் மொத்தமும் சேர்த்து 1,760. ரெண்டு அணிக்கும் ஆளுக்கு 880.

இப்போ எம்பி பக்கம் வாங்க. எல்லா மாநில எம்எல்ஏக்களின் மொத்த மதிப்பை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்பிக்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 2022-ல் 5,43,231-ஐ 776-ஆல் வகுத்ததில் ஒரு எம்பிக்கு 700 வந்தது. (ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் அப்போது இல்லாததால் 2017-ல் இருந்த 708 குறைந்துவிட்டது.) மேலூர், சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி நாலு எம்எல்ஏவையும் ஒரு தட்டில் வைத்தால் 704. மதுரை எம்பி ஒருத்தர் மட்டுமே 700. அதனால் மக்களவையில் தோற்ற கட்சி இந்தத் தேர்தலில் பெரிய பங்கை அப்போதே இழந்துவிடுகிறது. 2019-ல் பாஜக வென்ற 303 இடம் மட்டுமே 2,12,100.

மாநிலங்களும் சமமில்லை. தமிழகத்தின் 234 பேரும் ஒரே பக்கம் நின்றால்கூட 41,184 தான். உத்தரப்பிரதேசத்தில் ஒரு எம்எல்ஏவுக்கு 208. 2022 மார்ச்சில் அங்கே பாஜக அணி வென்ற 273 இடத்துக்கு 56,784. சிக்கிமில் ஒரு எம்எல்ஏவுக்கு வெறும் 7. எத்தனை மாநிலத்தில் ஆட்சி என்ற கேள்வி இங்கே செல்லாது.

தெப்பக்குளம் மாறன்:
வடகரை சொன்ன கணக்கு சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். அந்த 273 எல்லாம் சேர்ந்த பிறகும் பாஜக அணி தனித்து 50 சதவீதத்தைத் தொடவில்லை, கொஞ்சம் கீழேதான் நின்றது. வெளியிலிருந்து ஒடிசாவின் பிஜு ஜனதா தளமோ (பிஜேடி) ஆந்திராவின் ஒய்எஸ்ஆர் காங்கிரஸோ, ஒன்று வந்தால் போதும். பிஜேடியிடம் 31 ஆயிரத்துக்கு மேல், ஒய்எஸ்ஆரிடம் 40 ஆயிரத்துக்கு மேல். எதிரணி செய்ய வேண்டிய வேலை இந்த ரெண்டையும் அந்தப் பக்கம் போகவிடாமல் தடுப்பது. என் பார்வையில் தோல்வி அங்கேதான் முடிவானது.

சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவரும் ஒருவர் பின் ஒருவராக மறுத்தார்கள். கடைசியில் ஜூன் 21 அன்று சின்ஹா பெயர் வந்தது. அன்று இரவே பாஜக முர்முவை அறிவித்தது. அவர் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துக்காரர், சந்தால் பழங்குடி, ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தவர். ஒடிசாவிலிருந்து ஒருவர் ஜனாதிபதியாக நிற்கும்போது, அப்போது அங்கே முதல்வராக இருந்த பிஜேடி தலைவர் நவீன் பட்நாயக் எப்படி எதிர்ப்பார்? காங்கிரஸோடு ஆட்சியில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவே முர்மு பக்கம் போனது. உத்தவ் தாக்கரேயும் போனார். மம்தா பானர்ஜியே, முர்மு பெயரை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் யோசித்திருப்போம் என்கிற அளவுக்குப் பேசினார். வேட்பாளரை நிறுத்திய கட்சித் தலைவரே அப்படிப் பேசினால் மற்ற கட்சி எம்எல்ஏ என்ன நினைப்பார்?

இது புதுசும் இல்லை. 2007-ல் பாஜக ஆதரித்த ஷெகாவத்தை விட்டுவிட்டு, மராட்டியர் என்பதால் பிரதிபா பாட்டீலுக்கு சிவசேனை ஓட்டுப் போட்டது. 2002-ல் பாஜக அணி கலாம் பெயரைச் சொன்னதும் காங்கிரஸே அவர் பக்கம் வந்துவிட, லட்சுமி சேகலோடு இடதுசாரிகள் மட்டும் நின்றார்கள். கிடைத்தது 1,07,366. யார் முதலில் பெயரைச் சொல்கிறார்கள் என்பதைவிட, அந்தப் பெயர் எதிராளியின் வீட்டை உடைக்கிறதா என்பதே முக்கியம்.

சிம்மக்கல் வாசகன்:
எதிர்க்கட்சி தோற்பதை மட்டும் பேசுகிறீர்கள். ஆளுங்கட்சி வேட்பாளரே தோற்ற தேர்தல் ஒன்று இருக்கிறது, 1969. கட்சி எப்படித் தோற்கும் என்று படிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மே 3-ல் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். பெங்களூரில் நடந்த காங்கிரஸ் கூட்டத்தில் காமராஜர், நிஜலிங்கப்பா தரப்பு நீலம் சஞ்சீவ ரெட்டியை முடிவு செய்தது. இந்திரா காந்திக்கு அதில் விருப்பமில்லை. துணை ஜனாதிபதியாக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, சுதந்திராக் கட்சியிடமும் ஜனசங்கத்திடமும் ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப ஓட்டுக் கேட்டார் (இந்தத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம்). அதையே காரணமாகக் காட்டி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று பிரதமர் தரப்பு கிளம்பிவிட்டது. இங்கே ஆட்சியிலிருந்த திமுகவும் கிரி பக்கம்.

எண்களை உன்னிப்பாகப் பாருங்கள். செல்லும் ஓட்டு 8,36,337. அதில் பாதியோடு ஒன்று, அதாவது 4,18,169 எடுத்தால் வெற்றி. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திராவும் ஜனசங்கமும் ஆதரித்த சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. கிரிக்கு இன்னும் 16,654 தேவை. மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டில் இருந்த அடுத்த விருப்பத்தைச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

ரெட்டிக்கு இப்படிக் கூடியது 91,879, கிரிக்கு 18,562 மட்டும். நிஜலிங்கப்பா கேட்ட இரண்டாம் விருப்பம் ரெட்டிக்குப் பெரும்பாலும் வந்துவிட்டது! தோற்கடித்தது சொந்தக் கட்சிக்காரர்கள் போடாமல் விட்ட முதல் விருப்பம். நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அதன் விளைவை விருதுநகரும் மதுரையும் எத்தனையோ வருடம் பார்த்தன.

கோரிப்பாளையம் செல்வம்:
ரொம்ப நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். மாற்றிப் போட்டவர்கள் மேல் கட்சி நடவடிக்கை எடுக்க முடியாதா? செல்லாத ஓட்டும் விழுகிறதே, எம்பி எம்எல்ஏக்கே போடத் தெரியாதா?

வைகை வடகரை:
கொறடா உத்தரவு இந்தத் தேர்தலுக்குக் கிடையாது. கட்சித் தாவல் சட்டத்தில் பதவி போகாது. ரகசிய ஓட்டு, யார் யாருக்குப் போட்டார் என்றே தெரியாது.

செல்லாதது விழுவது கவனக்குறைவால்தான். சீட்டில் சின்னம் இருக்காது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விருப்ப வரிசைக்கான கட்டம். எம்பிக்குப் பச்சை, எம்எல்ஏவுக்கு இளஞ்சிவப்பு. வாக்குச்சாவடியில் தரும் ஊதா மைப் பேனாவால் மட்டுமே 1 என்று இலக்கத்தில் எழுத வேண்டும். "ஒன்று" என்று எழுத்தில் எழுதினாலோ, டிக் போட்டாலோ, ரெண்டு பேருக்கும் 1 போட்டாலோ, கையெழுத்துப் போட்டாலோ போச்சு. 2, 3 எழுதாமல் விடலாம், 1 இல்லாவிட்டால் சீட்டே வீண். 2012-ல் முலாயம் சிங் முதல் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு வாங்கிப் போட்டார், ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. 2017-ல் 77 ஓட்டு செல்லாமல் போனது, அதன் மதிப்பு 20,942. தமிழகத்தின் மொத்த மதிப்பில் பாதிக்கும் மேல்.