விழப்போகிற பல்தானே என்று விடாதீர்கள்

பல்லை வரிசையாக்கக் கம்பி போட எவ்வளவு காசு முடியும் என்றுதான் இங்கே பலரும் கேட்கிறீர்கள். அதற்கு முதல் பார்க்க வேண்டிய ஒரு பல் இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளின் வாயிலும் கண்டதை எழுதுகிறேன்.

மகன் ஆண்டு இரண்டு படிக்கும்போது, பாடசாலைப் பல் கிளினிக்கில் மிஸ் அவனுடைய கடைசிப் பல்லைத் தொட்டுக் காட்டினா. "அம்மா, இது பால்பல் இல்லை. இனி விழாது." 6 வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் அது. அதனால்தான் வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் மேலே ஆழமான கோடுகள், அதற்குள் பிரஷ் நார் போகாது, பிஸ்கட் மா மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோடுகளை அடைத்து ஒரு பூச்சுப் பூசிவிட்டா. ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

மகளுக்கு நடந்தது வேறு. அவளுடைய பால் கடைவாய்ப் பல் சூத்தையாகி, நேரத்தோடு பிடுங்க வேண்டி வந்தது. விழப்போகிற பல்தானே என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு அடியிலிருந்து வரப்போகிற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பால்பல்தான். அது போனதும் பின்னால் நின்ற பல் முன்னுக்குச் சரிந்துவிட்டது. 12 வயதில் வேட்டைப்பல், அதுதான் முன்பல்லுக்குப் பக்கத்தில் வருகிற கூரான பல், வர இடமில்லாமல் முரசின் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். பார்க்கவே மனம் பொறுக்காது.

எக்ஸ்ரே எடுத்து, இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து இடம் செய்து, அப்புறம் கம்பி போட்டார்கள். முதல் சில நாள் கஞ்சியும் இடியப்பமும்தான். கம்பி கன்னத்தில் உரசுகிற இடத்துக்கு மெழுகு தந்தார்கள், அது நல்ல உதவி. டொபி, முறுக்கு, புழுக்கொடியல் எல்லாம் கடிக்கவே கூடாது. அம்மம்மா விடவில்லை. புழுக்கொடியலை இடித்து மாவாக்கி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துக் கொடுத்தா. சாப்பிட்ட கையோடு பிரஷ் பண்ண வைப்பது என் வேலை.

காசு கேட்டவர்களுக்கு: இலங்கையில் அரச வைத்தியசாலையில் பல் சீரமைப்பு இலவசம், ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்கு 7 வயதாகும்போதே ஒருக்கால் காட்டிவிடுங்கள். கம்பி கழற்றிய பிறகு, பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கத் தருகிற ரிட்டெய்னரையும் ஒழுங்காகப் போட வையுங்கள். இல்லாவிட்டால் பல் திரும்ப நகர்ந்துவிடும்.