பி0171 லீன் கோடு: ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியும் திரும்ப வருகிறது

கேள்வி:
நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். செக் என்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0171 (லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்ற கோடு). ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டினால் சில நாளில் மறுபடி வந்துவிடுகிறது. ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, ஆனால் ஓட்டும்போது இழுவையில் குறை இல்லை. அடுத்து ஃபியூவல் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:
பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள்தான் எனக்குத் தினப்படி வேலை, இந்தக் கோடுக்குச் சென்சாரைக் கழற்றுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. சேதி சொல்ல வந்தவனை மாற்றினால் சேதி மாறிவிடுமா? புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தும் ஈசியூவால் (என்ஜின் கம்ப்யூட்டர்) சரிக்கட்ட முடியவில்லை. அந்தக் கோடு சொல்வது அவ்வளவுதான்.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவுக்குப் போய் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டுங்கள். நல்ல என்ஜினில் பூஜ்யத்தை ஒட்டி, 5 சதவீதம் முன்னே பின்னே நிற்கும். 10-ஐத் தாண்டினால் தேட வேண்டியதுதான். என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் ஒரு தடவை பாருங்கள், அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள்.

ஐடிலிங்கில் ட்ரிம் எகிறி, 2500-இல் இறங்கினால் வேக்குவம் லீக். த்ராட்டில் மூடியிருக்கும்போது என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், ஓட்டை வழியாக வரும் திருட்டுக் காற்று அதில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்தால் அது கணக்கிலேயே வராது. பம்ப் சோர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ நேர்மாறு: ஐடிலிங்கில் அமைதி, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். உங்கள் வண்டியில் இழுவை குறையவில்லையே, அதனால்தான் பம்ப் மீது எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் பிசிவி ஹோஸை (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் ரப்பர் குழாய்) பாருங்கள். மேலே புதிது மாதிரி இருக்கும். வளைவில் கைவிட்டு அழுத்தினால்தான் அடிப்பக்கத்து வெடிப்பு வாய் திறக்கும். சூடான என்ஜினில் கார்ப் கிளீனர் அடித்து லீக் தேடாதீர்கள், தீப்பிடிக்கும். ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ளே விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு பதில்:
இதெல்லாம் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டிக்கு. மேப் சென்சார் (இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளப்பது) மட்டும் இருந்தால், லீக்கால் கூடும் அழுத்தத்தைப் பார்த்து ஈசியூ பெட்ரோலையும் கூட்டிவிடும். லீன் கோடு வராமல் ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கலாம். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து பொய்யாக லீன் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
மாஃப் வண்டிதான். ஐடிலிங்கில் கூட்டல் 19, 2500-இல் கூட்டல் 4. ஹோஸை அழுத்திப் பார்த்தேன், நீங்கள் சொன்ன இடத்திலேயே பிளந்திருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன். தம்பி காரில் இதற்கு எதிர் கோடு, பி0172. சைலன்சர் வாயெல்லாம் கரி.

பதில்:
அது ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ட்ரிம் மைனஸில் ஓடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் சென்சார் வெளி வெப்பநிலையை ஒட்டிக் காட்டுகிறதா, சூடானபின் ஏறுகிறதா என்று பாருங்கள். குளிராகவே காட்டினால் ஈசியூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் இருந்தால் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், பழுதைச் சரிசெய்து ஆயில் மாற்றும்வரை தம்பியை வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.