தியத்தலாவையில் பழகி, வடக்கில் இறந்துபோன ஒரு இளம் அதிகாரி

தியத்தலாவைக் கடைப்பையன்
ஊர்க்காரர்களுக்கு இடத்தை விளக்கத் தேவையில்லை. ஸ்டேஷனுக்குக் கீழே அப்பாவின் தேத்தண்ணிக் கடை, இராணுவ அகடமியில் பயிற்சிக்கு இருந்த பையன்கள் லீவு நாளில் இறங்கி வந்து பிளேன்டீயும் பருப்பு வடையும் முடித்துவிட்டுப் போவார்கள். அதில் ஒருவர், சிங்களவர், மட்டும் என்னை 'மல்லி' (சிங்களத்தில் தம்பி) என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார். நான் 'அய்யா' என்பேன், சிங்களத்தில் அண்ணன், தமிழில் மரியாதை, இரண்டுக்கும் பொருந்தியது. அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் 'நில்', 'கையைத் தூக்கு', 'அடையாள அட்டை' அவ்வளவுதான். ஒருநாள், வீட்டுக்குள் போகும்போது கிழவி ஒருத்தி நடுங்கிக்கொண்டு நின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். 'பயப்படாதே' என்றேன். அடுப்படியிலிருந்து அப்பா, "டேய், பெரியவங்ககிட்ட 'பயப்படாதீங்க'ன்னு சொல்லக் குடு" என்று சத்தம் போட்டார். சிகரட் பெட்டியைக் கிழித்துச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். வன்னியில் புலிகளுக்கு எதிராக இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை நடந்த 1997இல் சிங்களப் பேப்பரில் அவர் படம் வந்தது. அன்று அப்பா கடையைத் திறக்கவில்லை.

பண்டாரவளை
உங்கள் அய்யா நல்லவராகவே இருக்கட்டும். அதே வருஷம் கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில், அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்ததற்காக என்னை மூன்று மணிநேரம் வெயிலில் நிறுத்தினார்கள். என்னிடம் யாரும் 'பயப்படாதீங்க' என்று சொல்லவில்லை. உங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், பிந்துனுவெவ, 2000 ஒக்டோபர் 25, புனர்வாழ்வு முகாமில் அடைத்து வைத்திருந்த தமிழ்ப் பையன்களை ஊரே திரண்டு வந்து கொன்றது. அவர்களுக்கும் படம் போட்டு யாராவது கடையை மூடினார்களா?

கண்டி ஓட்டோ
சண்டை வேண்டாமே. என்னுடையது வேறு யுத்தம். கண்டியில் இரண்டாம் உலகப் போர் மயானம் இருக்கிறதல்லவா, நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைப் பூந்தோட்டத்தில் தலைமையகம் வைத்திருந்த காலத்தது, சுமார் 200 கல்லறைகள், வெள்ளைக்காரர், இந்தியர், ஆபிரிக்கர் எல்லாரும் ஒரே புல்வெளியில். ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனேன், அவருடைய அண்ணன் அங்கே கிடக்கிறார், சின்ன வயசு அதிகாரி. கைப்பையிலிருந்து பல் தூரிகை ஒன்றை எடுத்துக் கல்லைத் தேய்க்கத் தொடங்கினார். அங்கே பாசியே கிடையாது, தோட்டக்காரர்கள் அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இருந்தும் தேய்த்தார், அதுவும் வயதைப் போட்டிருந்த இடத்தை மட்டும். நான் மீட்டரை நிறுத்திவிட்டேன்.

மாத்தளை மாஸ்டர்
பண்டாரவளைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய ஆள் கடைப்பையன் இல்லை. நான் யாழ்ப்பாணம் போகும்போது ஏ9 பாதையில் கொக்காவில் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பார்த்தேன், பக்கத்து சீட்காரர் கெப்டன் சாலிய அலதெனியவின் கதையைச் சொன்னார், நம் கண்டி திரித்துவக் கல்லூரிப் பையன், 1990 ஜூலையில் புலிகள் அங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கியபோது காயப்பட்டவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றவர், இராணுவத்தின் அதியுயர் வீரப் பதக்கமான பரம வீர விபூஷணயவை முதலில் பெற்றவர்களில் ஒருவர். என் கதை இவ்வளவுதான். கடைப்பையனுக்கு ஒரு யோசனை. அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். பத்தரமுல்லையில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நினைவுத்தூபியில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள், அங்கே ஒருநாள் போய்ப் பெயரைப் பாருங்கள், போர்வீரர் நினைவு நாளான மே 19 அன்று போகாதீர்கள், கூட்டம். பெயரும் படைப்பிரிவும் சரியாகக் கிடைத்தால் அந்தப் பிரிவின் தலைமையகத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள், கையெழுத்தில், டைப் அடித்தால் ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். பதில் வந்தால் உடனே ஓடாதீர்கள், அந்த அம்மாவுக்கு இப்போது எண்பது வயதிருக்கும், முதலில் போன் பண்ணுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், வீரம் கீரம் என்று பேசாதீர்கள், வடை சாப்பிட்ட கதையை மட்டும் சொல்லுங்கள்.

பண்டாரவளை
மாஸ்டர், அவர் விலாசமா கேட்டார்?

தியத்தலாவைக் கடைப்பையன்
இல்லை, கேட்கவில்லை. பண்டாரவளை அண்ணன் மேல் கோபமும் இல்லை, பிந்துனுவெவ நடந்த அன்று எங்கள் கடையும் பூட்டித்தான் கிடந்தது, பயத்தில். நான் எழுத வந்ததை மேலே எழுதவில்லை. 1996 கடைசியில் அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று பொடி மெனிக்கே ரயிலில் ஏற்றிவிட நானும் போனேன். ரயில் நகர்ந்ததும் வாசலில் தொங்கிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது போல் சத்தமாக, "மல்லி! பயப்படுங்க! பயப்படுங்க!" என்று கத்தினார். பிளாட்பாரத்தில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம், அந்த ரயில் அங்கே மெதுவாகத்தான் எடுக்கும்.