மதுரை செல்லூர்: ரோடு போடும் முன்னால் எங்கள் கருத்தை எங்கே சொல்வது?

தறிவீடு
செல்லூர் கண்மாய்க்குக் கிட்டே எங்கள் வீடு. அப்பா காலத்தில் 3 படி ஏறித்தான் உள்ளே போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. 2024 அக்டோபர் மழையில் தறிக்குழி நிறைந்து, தறியில் பூட்டிய பாவு நூலெல்லாம் நனைந்து, 11 நாள் நெசவில்லை. மறுபடியும் ரோடு போட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டால், "மேலே முடிவாகிருச்சும்மா" என்கிறார்கள். தண்ணீர் வருவது எங்கள் வீட்டுக்குள்தானே, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அனுப்பானடிக்காரன்
கவுன்சிலரைப் பாருங்கள் அக்கா. எழுத்தாகக் கொடுங்கள்.

விளாங்குடி வாத்தியார்
பகுதி சபா என்று ஒன்று இருக்கிறதம்மா, ஊருக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில்தான் முதலில் கூடியது. உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். அங்கே சொல்வது வார்டு குழுவுக்குப் போகும். அதற்குத் தலைவர் கவுன்சிலர்.

ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். நாங்கள் டேப் வைத்து 23 வீட்டு வாசலையும் அளந்து, கதவு எண்ணோடு எழுதிக்கொண்டு போனோம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். அதையும் மனுவில் எழுதினோம். எங்கள் தெருவில் சுரண்டித்தான் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் யாரும் போய்க் கேட்கவில்லை, முக்கால் அடி ஏறிவிட்டது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் மனசு வலிக்கிறது.

வைகைக்கரை
ரோட்டோடு விட்டுவிடாதீர்கள். செல்லூர் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். அது அடைத்துக் கிடந்தால் ரோடு தாழ்வாக இருந்தும் பிரயோஜனமில்லை. தூர் வாருவதையும் சேர்த்தே கேளுங்கள்.

தறிவீடு
சாயங்காலமே எதிர்வீட்டு மதினியும் நானும் 16 வாசல் அளந்துவிட்டோம். கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்குத்தான் மோசம், ரோட்டை விட ஒன்றேகால் அடி பள்ளம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்தால் எடுத்துக்கொள்வார்களா ஐயா?

விளாங்குடி வாத்தியார்
தாராளமாக. பக்கத்திலேயே அவர் பேரையும் கதவு எண்ணையும் எழுதுங்கள். மனுவில் ஒரு நகலை வைத்துக்கொண்டு, அதில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள்.